பட்டனைத் தட்டினால் இறங்கும் பிளைண்ட்ஸ்... உங்கள் வீட்டில் எந்த ஜன்னலுக்குத் தேவை?

புது ஃபிளாட் வாங்குபவர்களின் 'இன்டீரியர்' பட்டியலில் இப்போது தவறாமல் இடம்பிடிக்கும் ஐட்டம், மோட்டார் வைத்த பிளைண்ட்ஸ். ரிமோட்டில் ஒரு தட்டு தட்டினால் ஜன்னல் திரை சத்தமில்லாமல் இறங்கும். மொபைலில் நேரம் குறித்துவைத்தால் தானே ஏறும், தானே இறங்கும். கடையில் போய் நின்றால், ''எல்லா ஜன்னலுக்கும் போட்டுடலாம் மேடம், லுக்கே மாறிடும்'' என்பார்கள். லுக் மாறும்தான். கூடவே பட்ஜெட்டும் மாறும்!

மோட்டார் பிளைண்ட்ஸ் வீண் ஆடம்பரம் கிடையாது. சரியான ஜன்னலில் போட்டால் அதன் பலன் பெரியது. தேவையில்லாத ஜன்னலில் போட்டால், அது வருஷத்துக்கு நாலு தடவை சார்ஜ் கேட்கும் இன்னொரு மெஷின். அதனால் துணியின் கலரையும் மோட்டார் கம்பெனியையும் பார்ப்பதற்கு முன்னால், ஜன்னலைப் பார்க்க வேண்டும்.

மூன்றே கேள்விகள்!

வீட்டின் ஒவ்வொரு ஜன்னல் முன்பும் நின்று இந்த மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. இங்கே கை எட்டுமா? மாடிப்படி ஓரத்து உயரமான ஜன்னல், சோபாவுக்குப் பின்னால் சிக்கிய ஜன்னல், தோள்பட்டை வலியுள்ள பெரியவர்களின் அறை... இவையெல்லாம் கை எட்டாத ஜன்னல்கள்.

2. திரையை இறக்க வேண்டிய நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பார்களா? மேற்குப் பார்த்த ஜன்னலைப் பகல் ஒரு மணி வாக்கில் மூட வேண்டும். அந்த நேரத்தில் எல்லோரும் ஆபீஸ், ஸ்கூல் என்று போயிருந்தால் யார் மூடுவது?

3. இந்த அறையில் தொங்கும் கயிறோ, செயினோ இருக்கலாமா? கைக்குழந்தையோ, தவழும் பிள்ளையோ இருந்தால் பதில், 'கூடவே கூடாது'.

மூன்றில் ஒன்றுக்காவது மோட்டார்தான் பதில் என்றால் தாராளமாகப் போடுங்கள். மூன்றுமே பொருந்தாத ஜன்னலுக்குச் சாதாரண பிளைண்ட்ஸோ, பருத்தித் திரையோ போதும். இப்படிக் கணக்குப் போட்டால் பல வீடுகளில் மோட்டார் தேவைப்படுவது இரண்டு, மூன்று ஜன்னல்களுக்குத்தான்.

கயிறு என்னும் ஆபத்து

மூன்றாவது கேள்வியைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்த்துவிடலாம். பிளைண்ட்ஸின் ஓரத்தில் வளையமாகத் தொங்கும் செயினோ, கயிறோ சின்னக் குழந்தையின் கழுத்தில் மாட்டினால் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு நின்றுபோகலாம். குழந்தையால் கத்தக்கூட முடியாது. அமெரிக்காவில் ஐந்து வயதும் அதற்குக் குறைவான வயதும் உள்ள குழந்தைகள், ஆண்டுக்குச் சராசரியாக ஒன்பது பேர் இப்படி இறக்கிறார்கள் என்கிறது அந்நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். கயிறு வைத்த பிளைண்ட்ஸுக்கான அங்குள்ள பாதுகாப்புத் தர விதிகள் 2024 ஜூன் முதல் இன்னும் கடுமையாகியிருக்கின்றன.

நம் வீடுகளில் ஜன்னலை ஒட்டிக் கட்டில் போடுவது சகஜம். குழந்தை கட்டிலில் ஏறி நின்றாலே செயின் கைக்குக் கிடைத்துவிடும். மோட்டார் போட்டால் இந்தக் கயிறே இருக்காது. பட்ஜெட் இடிக்கிறது என்றால், கயிறே இல்லாமல் கையால் இழுத்துவிடும் ஸ்பிரிங் பிளைண்ட்ஸும் கிடைக்கிறது. ஏற்கெனவே செயின் பிளைண்ட்ஸ் இருக்கும் வீடுகளில், செயினைச் சுவரோடு இழுத்துப் பிடிக்கும் கிளிப்பை இன்றே மாட்டிவிடுங்கள். கட்டிலையும் நாற்காலியையும் ஜன்னலிலிருந்து நகர்த்திப் போடுங்கள்.

மோட்டாரிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. சில ரிமோட்டுகள் வட்டமான பட்டன் பேட்டரியில் இயங்குபவை. அதைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பேட்டரி மூடி ஸ்க்ரூ போட்டு மூடும்படி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வெயில் எந்தப் பக்கம் வருகிறது?

'சவுத் ஃபேஸிங், நார்த் ஃபேஸிங்' என்று வாஸ்துவுக்குப் பார்ப்பதை வெயிலுக்காகவும் பாருங்கள். சென்னையை எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் கடைசி வாரத்திலும், ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் நடுப்பகலில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் இருக்கும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலை மாதங்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். மறைவதும் வடமேற்கு ஓரமாகத்தான்.

இதனால் என்ன? அக்னி நட்சத்திர நாட்களில் தெற்கு ஜன்னலில் நேர் வெயில் கிட்டத்தட்ட விழாது. அதற்கு விலையுயர்ந்த வெப்பத்தடுப்புத் துணி தேவையே இல்லை. ஆனால் மேற்கு ஜன்னலில் பிற்பகல் முழுக்க வெயில் சாய்வாக உள்ளே நுழையும். மேலே இருக்கும் சன்ஷேட், உச்சி வெயிலைத்தான் மறைக்கும். நாலு மணிச் சாய்வெயிலைத் தடுக்க அதனால் முடியாது. சாயங்காலம் வடக்கு ஜன்னலில்கூட வெயில் எட்டிப் பார்க்கும். கிழக்கு ஜன்னலில் காலை வெயில். பத்து, பத்தரை மணிக்கு மேல் அதன் வேகம் அங்கே குறைந்துவிடும்.

ஆக, மோட்டாருக்கு முதல் தகுதி மேற்கு ஜன்னலுக்குத்தான். வெயில் விழுவதற்கு முன்பே, பகல் பன்னிரண்டரை, ஒரு மணிக்குத் திரை தானாக இறங்கும்படி டைமர் வைக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இறக்கினால், அதற்குள் சுவரும் தரையும் மெத்தையும் சூடேறியிருக்கும், ஏ.சி-தான் அந்தச் சூட்டோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இன்னொரு விஷயம். பிளைண்ட்ஸ் கண்ணாடிக்கு உள்பக்கம் இருக்கும்போது, வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டிவிடுகிறது. துணி அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். மீதியில் தானும் சூடாகி அறையையும் சூடாக்கும். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுப்பதுதான் கூடுதல் பலன் தரும். அந்தக் காலத்து வீடுகளில் மூங்கில் தட்டியையும் வெட்டிவேர் தட்டியையும் தாழ்வாரத்துக்கு வெளியோரமாகக் கட்டினார்களே, அதே கணக்குதான். பால்கனி இருந்தால், அதன் வெளி விளிம்பில் இருபக்கமும் தண்டவாளம் போன்ற பள்ளத்தில் ஓடும் 'ஜிப் ஸ்கிரீன்' போடலாம். இதற்கு அப்பார்ட்மென்ட் சங்கத்தின் அனுமதியை முன்பே கேட்டுவிடுங்கள். காற்று பலமாக அடித்தால் தானே மேலேறும் சென்சாரும் அவசியம்.

துணியில் இருக்கிறது சூட்சுமம்

வீட்டுக்கு அதிகம் வாங்கப்படுபவை ரோலர், ஜீப்ரா, ரோமன் என மூன்று ரகம். ஒரே துணி உருளையில் சுருண்டு ஏறினால் ரோலர். அடைப்பும் வலையும் பட்டை பட்டையாக மாறி மாறி வருவது ஜீப்ரா. மடிப்பு மடிப்பாக மேலேறுவது ரோமன். மோட்டாருக்கு ரோலர்தான் எளிது. பாகங்கள் குறைவு, சிக்கலும் குறைவு. ஜீப்ராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் இரட்டைத் துணி என்பதால் தூசு அதிகம் தங்கும். ரோமன் பார்க்க அழகு. மழைக்காலத்தில் ஈரம் தங்கும் அறைகளில் மடிப்புகளில் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு உண்டு.

துணியைத் தேர்ந்தெடுக்கும்போது கடைக்காரரிடம் 'ஓப்பன்னெஸ்' எத்தனை சதவிகிதம் என்று கேளுங்கள். நெசவில் எவ்வளவு திறப்பு இருக்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. 1 சதவிகிதம் என்றால் அடர்த்தி. 10 சதவிகிதம் என்றால் வெளியே நன்றாகத் தெரியும். மேற்கு ஜன்னலுக்கு 1 முதல் 3 சதவிகிதம், வெளிக்காட்சி வேண்டிய ஹாலுக்கு 5 சதவிகிதம் என்று ஆரம்பிக்கலாம். படுக்கையறைக்கு வெளிச்சமே புகாத பிளாக்-அவுட் துணி. வெயில்படும் பின்பக்கம் வெள்ளையாகவோ, வெள்ளி நிறமாகவோ இருந்தால் வெப்பத்தை அதிகம் திருப்பி அனுப்பும்.

பலர் கவனிக்காத ஒன்று: பகலில் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாத அதே வலைத்துணி, ராத்திரி உள்ளே லைட் போட்டதும் எதிர் பிளாக்குக்கு எல்லாவற்றையும் காட்டிவிடும். எதிரில் வீடு இருந்தால் வலைத்துணியோடு ஒரு பிளாக்-அவுட்டும் சேர்த்து இரட்டை பிளைண்ட்ஸாகப் போடுங்கள். இல்லையென்றால் ஒரு சாதாரணத் திரை போதும்.

பேட்டரியா, வயரா?

மோட்டார் என்பது பிளைண்ட்ஸின் உருளைக்குள்ளேயே ஒளிந்திருக்கும் குழாய் வடிவச் சாதனம். அதற்குக் கரன்ட் எங்கிருந்து வருகிறது என்பதுதான் முக்கியமான முடிவு.

பேட்டரி மோட்டார்: சுவரை உடைக்க வேண்டாம். வாடகை வீட்டுக்கும், ஏற்கெனவே பெயின்ட் அடித்துக் குடியேறிய வீட்டுக்கும் இதுதான் வழி. கரன்ட் போனாலும் ஓடும். சில மாதங்களுக்கு ஒருமுறை மொபைல் போலவே சார்ஜ் போட வேண்டும். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 'அப்பா ஸ்டூல்மேல ஏறக் கூடாது' என்று மோட்டார் வாங்குவோம்; சார்ஜ் போட யாராவது ஸ்டூல்மேல் ஏறித்தான் ஆக வேண்டும்! அதனால் சார்ஜிங் துளை கீழிருந்து எட்டுமா, நீளமான கேபிள் தருவார்களா, சின்ன சோலார் பேனல் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள். லித்தியம் பேட்டரி சூட்டில் சீக்கிரம் முதுமையடையும். மேற்கு ஜன்னலின் உச்சிதான் வீட்டிலேயே சூடான இடங்களில் ஒன்று. எனவே பேட்டரியைத் தனியாக மாற்ற முடியுமா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.

வயர் மோட்டார்: 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தில் ஓடும் ரகமும், அடாப்டர் வைத்து 12 அல்லது 24 வோல்ட்டில் ஓடும் ரகமும் உண்டு. சார்ஜ் தொல்லை இல்லை. ஆனால் ஜன்னலின் மேல் மூலையில் பாயின்ட் வேண்டும். வீடு கட்டும்போதோ, ஃபால்ஸ் சீலிங் போடும்போதோ எலெக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டால் வேலை சுலபம். மோட்டார் இடது பக்கமா, வலது பக்கமா என்பதை முடிவுசெய்த பிறகே பாயின்ட்டைக் குறியுங்கள். அந்த லைனை இன்வெர்ட்டரில் சேர்த்தால், கரன்ட் போனபோது திரை பாதியில் நிற்காது.

ஏற்கெனவே செயின் வைத்த ரோலர் பிளைண்ட்ஸ் இருக்கிறதா? அந்தச் செயினையே இழுக்கும் சின்ன மோட்டாரும் சந்தையில் உண்டு. பழையதைக் கழற்றாமல் சமாளிக்கலாம். ஆனால் செயின் அப்படியே இருக்கும் என்பதால், குழந்தை இருக்கும் அறைக்கு இது வேண்டாம்.

மோட்டாரின் பலம்

மோட்டாரின் இழுவிசையை 'நியூட்டன் மீட்டர்' என்ற அளவில் சொல்வார்கள். சுமார் 5 அடி அகலம், 7 அடி உயரமுள்ள ரோலரில் துணி, அடிப்பட்டை எல்லாம் சேர்த்து 2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 38 மி.மீ உருளையில் அதைத் தூக்கச் சுமார் 0.4 நியூட்டன் மீட்டர் போதும். உராய்வு, துணியின் சுருள் தடிமன் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரண்டு, இரண்டரை மடங்கு பலமுள்ள மோட்டார் இருந்தால் அது திணறாமல் ஓடும். ''இந்த பிளைண்ட்ஸ் மொத்தம் எத்தனை கிலோ, மோட்டார் எவ்வளவு தாங்கும்?'' என்ற ஒரே கேள்வியில் கடைக்காரருக்கு விஷயம் தெரியுமா என்பது தெரிந்துவிடும்.

ரிமோட், ஆப், அலெக்ஸா...

முதலில் ரிமோட். வீட்டின் பெரியவர்களுக்கு ஆப் எல்லாம் சரிப்படாது. ரேடியோ அலையில் இயங்கும் சாதாரண ரிமோட்டுக்கு இன்டர்நெட் வேண்டாம், மொபைல் வேண்டாம். ஆப்பில் இயக்கும் மோட்டார் வாங்கினாலும் ரிமோட் சேர்த்தே வாங்குங்கள்.

ஆப் வழியில், நேரடியாக வை-ஃபையில் சேரும் மோட்டார் ஒரு ரகம். நடுவில் 'ஹப்' என்ற சின்னப் பெட்டி கேட்கும் மோட்டார் இன்னொரு ரகம். வை-ஃபை மோட்டார்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் சேரும். ரூட்டரை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி இணைக்க வேண்டியிருக்கும். நான்கைந்து ஜன்னல் என்றால் ஹப் வசதி. 2022-ல் வந்த 'மேட்டர்' என்ற பொது இணைப்பு முறையை ஏற்கும் மோட்டாராக இருந்தால், நாளைக்கு அலெக்ஸாவிலிருந்து கூகுளுக்கு மாறினாலும் பிளைண்ட்ஸை மாற்ற வேண்டியிருக்காது.

டைமர், இன்டர்நெட் இல்லாதபோதும் வேலை செய்யுமா என்பதைக் கடையிலேயே வை-ஃபையை அணைத்துக் காட்டச் சொல்லுங்கள். பகலில் நீங்கள் வீட்டில் இல்லாதபோது மேற்கு ஜன்னலை மூடப்போவது அந்த டைமர்தான்.

அளவெடுக்கும் நாள்

பிளைண்ட்ஸ் உங்கள் ஜன்னலுக்கென்றே வெட்டப்படுவதால் அளவு தவறினால் திருப்பிக் கொடுப்பது கஷ்டம். கடை ஆளே வந்து அளவெடுக்கட்டும். நீங்களும் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஜன்னல் பள்ளத்துக்குள் பொருத்துவதாக இருந்தால் அகலத்தை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளந்து, அதில் குறைந்ததை எடுக்க வேண்டும். நம் பூச்சு வேலையில் மூன்றும் ஒன்றாக இருப்பது அபூர்வம்! உயரத்தையும் மூன்று இடத்தில் அளக்க வேண்டும். ஸ்டீல் டேப்பில், மில்லிமீட்டரில் குறிப்பது நல்லது.

பள்ளத்தின் ஆழத்தையும் பாருங்கள். நம் ஊர் ஜன்னல்களில் உள்பக்கம் கிரில், அதன்மேல் கொசுவலை ஃப்ரேம், கைப்பிடி என்று ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கும். உருளைக்கு 7, 8 செ.மீ இடமாவது தடையில்லாமல் வேண்டும். ஜன்னல் கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால், பிளைண்ட்ஸ் முழுதாக ஏறிய பிறகும் சுருள் கதவில் இடிக்குமா என்று பார்க்க வேண்டும்.

பள்ளத்துக்குள் பொருத்தும்போது மோட்டார் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் இடம் போவதால், துணி ஜன்னலைவிட 3, 4 செ.மீ குறுகலாக இருக்கும். அந்த இடைவெளியில் வெளிச்சம் கசியும். 'பிளாக்-அவுட் போட்டும் வெளிச்சம் வருதே' என்ற புகாருக்கு முக்கியக் காரணம் இதுதான். இருட்டு வேண்டிய அறைக்கு, சுவரின்மேல், ஜன்னலைவிட ஒவ்வொரு பக்கமும் 5 முதல் 10 செ.மீ அகலமாகப் பொருத்துங்கள். மேலே ஸ்பிளிட் ஏ.சி இருந்தால் இடம் இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

பொருத்தும் நாள்

ஜன்னலின் மேல் பெரும்பாலும் கான்கிரீட் லின்டல்தான் இருக்கும். ஹேமர் டிரில் இல்லாமல் வந்தால் ஸ்க்ரூ அரைகுறையாக நிற்கும். மறைவாக ஓடும் வயர் எங்கே என்று எலெக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுத் துளை போடச் சொல்லுங்கள். கடலோர ஊர்களில் துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூவும், அலுமினிய உருளையும் அவசியம்.

பிராக்கெட் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்தாலும் துணி ஏறும்போது ஓரமாக நகர்ந்து, பிராக்கெட்டில் உரசி, நாளடைவில் நூல் பிரியும்.

பிறகு 'லிமிட்' வைப்பார்கள். எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று மோட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை அது. கீழ் எல்லை, ஜன்னல் திண்டுக்கு ஒரு செ.மீ மேலே இருந்தால் போதும். அதற்குக் கீழே போனால் துணி தளர்ந்து சுருங்கும். ஆட்கள் கிளம்பும் முன் நீங்களே ஐந்தாறு முறை ஏற்றி இறக்கிப் பாருங்கள். 230 வோல்ட் மோட்டார் தொடர்ந்து நாலைந்து நிமிடம் ஓடினால் சூட்டில் தானே நின்றுவிடும். பயப்பட வேண்டாம், ஆறியதும் ஓடும்.

கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

துணிக்கு விலை பொதுவாகச் சதுர அடிக் கணக்கு. மோட்டாருக்கு விலை ஒன்றுக்கு இவ்வளவு என்ற கணக்கு. சின்ன ஜன்னலுக்கும் பெரிய ஜன்னலுக்கும் மோட்டார் விலையில் பெரிய வித்தியாசம் இருக்காது. அதனால் சின்ன ஜன்னலில் போடும் மோட்டார்தான் உண்மையில் அதிகச் செலவு. பல கடைகளில் 'குறைந்தபட்சம் இத்தனை சதுர அடி' என்ற பில்லிங் கணக்கும் உண்டு. பக்கத்துப் பக்கத்து ஜன்னல் இரண்டை ஒரே மோட்டாரில் இணைக்க முடியுமா என்று கேளுங்கள்.

துணி, மோட்டார், ரிமோட், ஹப், பொருத்தும் கூலி, வரி என ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக எழுதித் தரட்டும். மோட்டாருக்கு எத்தனை வருட வாரன்ட்டி, துணிக்கு எத்தனை, பழுதானால் கழற்றி மாட்டும் கூலி யாருடையது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். உருளை சுவரில் ஏறுவதற்கு முன், மோட்டாரில் ஒட்டியிருக்கும் மாடல் லேபிளை ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். மூன்று வருடம் கழித்து சர்வீஸுக்குக் கூப்பிடும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

பராமரிப்பு ரொம்பச் சின்னது. வாரம் ஒருமுறை முழுதாக இறக்கி, மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தூசு தட்டுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு சுருட்டி வைக்காதீர்கள். நம் ஊரில் இன்னொரு விருந்தாளியும் உண்டு, பல்லி! சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளொன்றுக்கு ஒருமுறையாவது திரை ஏறி இறங்கினால் அது குடித்தனம் நடத்தாது.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். காலை ஒன்பது, பகல் பன்னிரண்டு, சாயங்காலம் நாலு என்று மூன்று வேளை வீட்டைச் சுற்றி வந்து, எந்த ஜன்னலில் வெயில் எதுவரை வருகிறது என்று ஒரு பேப்பரில் குறித்துக்கொள்ளுங்கள். கையெட்டாத ஜன்னலுக்கும், குழந்தை தூங்கும் அறைக்கும் பக்கத்தில் ஒரு டிக் போடுங்கள். அந்தப் பேப்பரோடு கடைக்குப் போனால், ''எல்லா ஜன்னலுக்கும் போட்டுடலாம்'' என்பவரிடம், ''இந்த ரெண்டுக்கு மட்டும் போதுங்க'' என்று தைரியமாகச் சொல்லலாம்.